கூலிங் இருக்கா?

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். 21 வயது ஆகாதவர்கள் இதைப் படிக்கலாம், குடிக்கத்தான் கூடாது. குடி உடம்புக்குக் கெடுதல் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. எவ்வளவு குறைவாகக் குடித்தாலும் அது பாதுகாப்பான அளவு இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டது. அதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன்.

சரி, சண்டைக்கு வருவோம்.

ஈக்காட்டுத்தாங்கலில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் 1958ல் வந்த கிண்டி தொழிற்பேட்டையின் தொடர்ச்சியாக லேத் பட்டறைகள், வெல்டிங் பொறி, கிரீஸ் வாடை. இன்னொரு பக்கம் ஒலிம்பியா மாதிரி கண்ணாடிக் கட்டடங்கள். நடுவே நூறடி ரோடு, தலைக்கு மேலே மெட்ரோ. லேத் ஓட்டுகிற அண்ணனும், கழுத்தில் அட்டை தொங்குகிற மென்பொருள்காரரும் ஒரே டீக்கடையில்கூட நிற்பதில்லை. இருவரும் ஒன்றாக வரிசையில் நிற்பது ஒரே இடத்தில்தான், அரசாங்க மதுக்கடையின் கம்பி வலைக்கு முன்னால். அங்கே பீர் வாங்க வந்த இருவரும் கேட்கிற கேள்வியும் ஒன்றேதான்.

"கூலிங் இருக்கா?"

என்ன பீர் இருக்கிறது, எங்கே காய்ச்சியது, எப்படி இருக்கும் என்பதெல்லாம் கேள்வியே இல்லை. ஸ்ட்ராங்கா என்பதுகூடக் கேள்வி இல்லை, அது சொல்லாமலே புரிந்த விஷயம். குளிர்ந்திருக்கிறதா என்பது ஒன்றுதான் கவலை. ஏன் தெரியுமா? நாக்கு மரத்துப்போகிற அளவுக்குக் குளிர்ந்தால்தான் அது தொண்டைக்குள் சண்டை போடாமல் இறங்கும். சுவை தெரியாமல் இருப்பதற்காகவே குளிர வைத்துக் குடிக்கிற ஒரு பொருளை லட்சக்கணக்கானவர்கள் தினமும் காசு கொடுத்து வாங்குகிறோம். உலகத்தில் வேறு எந்தத் தின்பண்டத்துக்காவது இப்படிச் செய்வோமா?

என் கட்சி இதுதான்: தமிழ்நாட்டில் அரசாங்கம் போதையை மட்டும் விற்கிறது. சுவை என்ற ஒன்றைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டது. இருபது வருடத்துக்கு மேல் இப்படியே பழகியதில், குடிப்பது என்றால் மட்டையாவது என்பதைத் தவிர வேறு அர்த்தமே நமக்குத் தெரியாமல் போய்விட்டது.

நம்பவில்லை என்றால் நம் வார்த்தைகளையே எடுத்துப் பாருங்கள். குவாட்டர், ஆஃப், ஃபுல், கட்டிங். இதெல்லாம் அளவு. கிக், மப்பு, ஏறுது, ஃபிளாட், மட்டை. இதெல்லாம் விளைவு. ஊறுகாய், சுண்டல், சைடு டிஷ். இது துணைக்கு. குடித்த பொருள் எப்படி இருந்தது என்று சொல்ல ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள் பார்ப்போம். "சரக்கு" என்று பொதுவாக ஒரு பெயர் வைத்திருக்கிறோம். லாரியில் ஏற்றுவதற்கும் அதே பெயர்தான்.

சுவை தெரியாத கூட்டமா நாம்? மாம்பழம் என்று சொன்னால் ருமானியா, மல்கோவாவா, இமாம் பசந்தா என்று கேட்கிறோம். வெல்லத்தில் அச்சு வேறு, மண்டை வேறு, கருப்பட்டி வேறு. காபிக்கு முதல் டிகாஷன், இரண்டாம் டிகாஷன் பஞ்சாயத்து வைத்து, சிக்கரி எத்தனை பங்கு என்பதில் குடும்பமே இரண்டாகும். சங்க காலத்துக்குப் போனால் கள்ளுக்கே நறவு, தேறல், தோப்பி, பிழி என்று பல பெயர்கள் இருந்தன. தெளிந்தது தேறல். அரிசியில் ஆனது தோப்பி. அன்றைக்குக் குடித்தவனுக்கு வித்தியாசம் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

இந்த எரிச்சல் எனக்கு முற்றியது ஒரு கருப்பு பீரால்.

எங்கள் அறைக்குப் பக்கத்து அறை அண்ணன் ஒருவர் வேலை விஷயமாகக் கொழும்பு போய்த் திரும்பும்போது லயன் ஸ்டவுட் ஒரு கேன் கொண்டு வந்தார். அரை லிட்டர். 8.8 சதவீதம். நாங்கள் நாலு பேர். "நாலு பேருக்கு ஒரு கேனா, என்ன அண்ணே இது?" என்று ஒருத்தன் முகம் சுளித்தான். அண்ணன் அதை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, இருபது நிமிடம் சும்மா மேஜையில் வைத்துவிட்டார். "டேய், சூடாயிடும்டா" என்று ஒரே கூச்சல். அவர் கண்டுகொள்ளவில்லை. நாலு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினார். நிறம் முதல் டிகாஷன் மாதிரி. மேலே பழுப்பு நிறத்தில் நுரை, அதுவும் நம் காபி நுரை மாதிரியே.

முதலில் வாசனை பார்க்கச் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் முகர்ந்தோம். வறுத்த காபிக்கொட்டை. பின்னால் கொஞ்சம் சாக்லேட். வாயில் வைத்தால் முதலில் கனம் தெரிந்தது, தண்ணீர் மாதிரி ஓடவில்லை. அப்புறம் கருப்பட்டிப் பாகு கொஞ்சம் கூடுதலாகக் காய்ந்தால் வருமே, அந்தக் கசப்பும் இனிப்பும் சேர்ந்த ருசி. உலர்ந்த திராட்சை, பேரீச்சை. விழுங்கியபின் நெஞ்சுக்குள் மெல்லச் சூடு. டம்ளரில் வெப்பம் ஏற ஏற வாசனை மாறிக்கொண்டே வந்தது. ஆளுக்கு 125 மில்லி, அதைக் குடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. முக்கால் மணி நேரமும் அதைப் பற்றியேதான் பேசினோம். "கருகின ரவா லட்டுடா இது" என்றான் முகம் சுளித்தவன். அது பாராட்டா திட்டா என்று அவனுக்கே தெரியவில்லை :-) ஆனால் ஒரு பீரைப் பற்றி அவன் வாயிலிருந்து ஒரு உவமை வந்ததை நான் முதல்முறையாகக் கேட்டேன்.

இந்தக் கருப்பு எங்கிருந்து வருகிறது? மாயமந்திரம் ஒன்றும் இல்லை. பார்லியை ஊற வைத்து முளை கட்டி உலர்த்தினால் மால்ட். நாம் கேழ்வரகை முளை கட்டுகிற அதே வேலைதான். அந்த மால்ட்டில் கொஞ்சத்தை எடுத்து, கருகுகிற எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் வரைக்கும் வறுக்கிறார்கள். 1817ல் இங்கிலாந்தில் டேனியல் வீலர் என்பவர், காபிக்கொட்டை வறுக்கும் உருளை மாதிரியான ஒன்றில் மால்ட்டை வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஸ்டவுட் குடிக்கிறவன் காபியை நினைப்பது தற்செயல் இல்லை என்று இப்போது புரிகிறதா? இரண்டுக்கும் அடுப்பு ஒன்றுதான்.

இதில் இன்னொரு விஷயம். கருப்பாக இருந்தால் ஸ்ட்ராங் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. தப்பு. அயர்லாந்தின் கின்னஸ் டிராட் கன்னங்கரேல் என்று இருக்கும், ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். நம் கடையில் தங்க நிறத்தில் மின்னுகிற ஸ்ட்ராங் பீர் அதைப்போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நிறம் வறுவலிலிருந்து வருகிறது. ஆல்கஹால் சர்க்கரையிலிருந்து வருகிறது. ஈஸ்ட் தின்பதற்கு எவ்வளவு சர்க்கரை கிடைக்கிறதோ அவ்வளவு போதை. ஸ்ட்ராங்கான ஸ்டவுட் காய்ச்சுகிறவர் அந்தச் சர்க்கரைக்காக மால்ட்டை அள்ளிப் போடுகிறார். அதனால் போதையோடு ருசியும் கனமும் சேர்ந்தே ஏறுகின்றன. 18ஆம் நூற்றாண்டில் லண்டனிலிருந்து ரஷ்ய அரசவைக்கு அனுப்பிய ஸ்டவுட்டும் இந்த ஜாதிதான். விலை குறைந்த ஸ்ட்ராங் பீரில் கணக்கே வேறு. அரிசி, சோளம், சர்க்கரை என்று மலிவாகக் கிடைப்பதைச் சேர்த்து எண்ணிக்கையை மட்டும் ஏற்றலாம். ருசி ஏறாது. அப்புறம் குளிர வைத்து மறைக்க வேண்டியதுதான்.

இரண்டுக்கும் லேபிளில் ஒரே வார்த்தை, ஸ்ட்ராங். காபிப் பொடி கூடுதலாகப் போட்டதும் ஸ்ட்ராங் காபி, தூக்க மாத்திரை கலக்கினதும் ஸ்ட்ராங் காபி என்றால் ஒத்துக்கொள்வீர்களா?

"அதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கெதுக்கு" என்று சொல்லப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் குடித்தது லண்டனிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வரவில்லை. ராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. இலங்கை நுவரெலியாவில் 1849ல் தொடங்கிய பீர் ஆலையின் வாரிசு அது. இப்போது கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவில் காய்ச்சுகிறார்கள். மைக்கேல் ஜாக்சன் (பாட்டுக்காரர் இல்லை, 1977ல் உலக பீர் வகைகள் பற்றிப் புத்தகம் எழுதிய ஆங்கிலேயர், 2007ல் காலமானார்) இலங்கைக்கே போய் அதைக் குடித்துப் பார்த்து எழுதிய பிறகு அதற்கு உலகம் முழுக்க ரசிகர்கள். இலங்கையில் சாண்டோ ஸ்டவுட் என்றுகூட ஒன்று இருந்தது, யூஜின் சாண்டோ என்ற பயில்வான் பெயரில். நம் சாண்டோ சின்னப்பா தேவரின் பட்டப்பெயரும் அதே பயில்வான் பெயரிலிருந்து வந்ததுதான். வெயிலும் வியர்வையும் அங்கேயும் நம் ஊர் மாதிரிதான். அங்கே கருப்பு பீர் சாதாரண மனுஷன் குடிக்கிற பொருளாக இருக்க முடிகிறது.

நமக்கும் வரலாறு இல்லாமல் இல்லை. நீலகிரியில் பிரிட்டிஷ் காலத்திலேயே பீர் காய்ச்சினார்கள். தாமஸ் லீஷ்மன் என்பவர் 1915ல் தென்னிந்தியாவின் ஐந்து சிறு ஆலைகளை ஒன்றாக்கியதுதான் யுனைடெட் புருவரீஸ். ஐந்து சின்னது சேர்ந்து ஒரு பெரிசு ஆன கதை. அதற்குப் பிறகு நம் பக்கத்தில் எல்லாமே பெரிசுதான், சின்னதுக்கு இடமே இல்லை.

இடம் இல்லாமல் போனது எப்படி என்று பார்ப்போம். டாஸ்மாக் 1983ல் மொத்த வியாபாரத்துக்காக வந்தது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. அன்றிலிருந்து மாநிலம் முழுக்க வாங்குகிறவரும் ஒருவர், கடை வைத்திருப்பவரும் அவரே. அவர் ஒரு பாட்டிலைத் தன் பட்டியலில் சேர்த்தால் அது இருக்கிறது, சேர்க்காவிட்டால் அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை. பல்லாயிரம் பெட்டி அனுப்பக்கூடிய பெரிய ஆலைதான் இந்த ஆட்டத்தில் நிற்க முடியும். ஒரு சின்ன அண்டாவில் ஸ்டவுட் காய்ச்சுகிறவர் எங்கே போவார்?

அந்தப் பெரியவர்களின் லட்சணமும் ஊருக்குத் தெரியும். பீர் விலையைப் பல மாநிலங்களில் கூடிப் பேசி நிர்ணயித்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2021 செப்டம்பரில் யுனைடெட் புருவரீஸுக்கும் கார்ல்ஸ்பெர்க் இந்தியாவுக்கும் சேர்த்து 873 கோடி ரூபாய் அபராதம் போட்டது. வாங்குகிறவர் ஒருவர், விற்கிற பெரியவர்கள் நாலைந்து பேர், நடுவில் நாம் கம்பி வலைக்குள் கையை விட்டுக்கொண்டு "கூலிங் இருக்கா" என்று கேட்கிறோம்.

மத்திய அரசு தன் பங்குக்கு ஒன்று செய்திருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் வெளியிட்ட தரநிலைப்படி 5 சதவீதம் வரை ரெகுலர் பீர், அதற்கு மேல் 8 வரை ஸ்ட்ராங் பீர். அத்தோடு சரி. நாங்கள் நாலு பேர் குடித்த 8.8 இந்தியச் சட்டப்படி பீரே இல்லை. உலகம் முழுக்க இம்பீரியல் ஸ்டவுட் என்று 9, 10, 12 சதவீதத்தில் காய்ச்சுகிறார்களே, அதற்கு இங்கே பெயரே கிடையாது. மக்கள் உடல்நலத்துக்காக என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அதே கடையில் 42.8 சதவீத பிராந்தி குவாட்டர் பாட்டிலில் கிடைக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குவாட்டரில் கிட்டத்தட்ட 77 மில்லி சுத்த ஆல்கஹால். ஒரு பெரிய ஸ்ட்ராங் பீர் பாட்டிலில் 52 மில்லி. எங்கள் டம்ளரில் ஆளுக்கு 11 மில்லி. சட்டம் பயப்படுவது எங்கள் டம்ளரைப் பார்த்து!

இப்போது எதிர்க்கட்சிக்கு வருவோம். இரண்டு கேள்விகள் நியாயமானவை.

முதல் கேள்வி: "குடியால் எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்திருக்கிறது, நீ ருசி பேசுகிறாயா?" கேட்க வேண்டிய கேள்விதான். என் பதில் இது. முழு மதுவிலக்கு வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அவரோடு நான் வேறு தளத்தில் பேசுவேன், ஆனால் மரியாதையோடு பேசுவேன். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியவர், அந்தப் பக்கமும் பெரிய ஆள் இருக்கிறார். எனக்குச் சண்டை 2024-25ல் 48,344 கோடி ரூபாய் மது வருமானம் பார்த்துவிட்டு "மக்கள் நலன்" என்று பேசுகிறவர்களோடுதான். விற்பதும் நீங்கள், விலை வைப்பதும் நீங்கள், எது கிடைக்க வேண்டும் என்று முடிவு செய்வதும் நீங்கள். குறைந்த காசில் சீக்கிரம் ஏறுகிற பொருளையே முன்னால் அடுக்கி வைத்துவிட்டு, வாங்குகிறவன் அளவோடு குடிக்க வேண்டும் என்று சுவரில் எழுதிப் போட்டால் என்ன அர்த்தம்? ருசி தெரிந்தால் எல்லோரும் திருந்திவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல ஸ்டவுட்டிலும் மட்டையாகலாம். ஆனால் ருசியே இல்லாத பொருளை ஒருவன் நிதானமாகக் குடிக்க ஒரே ஒரு காரணம் சொல்லுங்கள். நின்றுகொண்டே மூச்சு விடாமல் கவிழ்ப்பதற்கென்றே செய்த பொருள் அது.

இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது: "கிராஃப்ட் பீர் பணக்காரன் பொழுதுபோக்கு. லேத் ஓட்டுகிறவருக்கு அதனால் என்ன லாபம்?" இங்கேதான் கிராஃப்ட் பீர் ரசிக சிகாமணிகளோடும் எனக்குச் சண்டை. புனேயில் 2009ல் டூலாலி, பெங்களூர் இந்திரா நகரில் 2010ல் டாய்ட் என்று ஆரம்பித்து இன்று பெங்களூரில் கடையிலேயே காய்ச்சிக் கொடுக்கிற இடங்கள் ஏராளம். புதுச்சேரிக்கும் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் அதற்கு உரிமம் இல்லை. "சென்னைக்கு எப்போது வரும்?" என்று நம் மென்பொருள் நண்பர்கள் ஏங்குகிறார்கள். ஏங்கட்டும். ஆனால் அவர்கள் பெருமையாகச் சொல்வதைக் கவனியுங்கள். உள்ளூர்ப் பொருள், சின்ன அளவில் செய்தது, ரசாயனம் சேர்க்காதது, ஈஸ்ட் உயிரோடு இருப்பது, செய்த இடத்திலேயே குடிப்பது, நாளுக்கு நாள் ருசி மாறுவது.

ஐயா, இதற்குத் தமிழில் கள் என்று பெயர்!

பனை நம் மாநில மரம். அதில் இறக்குகிற கள்ளில் ஆல்கஹால் பொதுவாக 4, 5 சதவீதம்தான் இருக்கும். 1987 தொடக்கத்தில் அதற்குத் தடை விழுந்தது. இன்றைக்கும் மரம் ஏறுகிறவர் பதநீர் இறக்கலாம், கள் இறக்கினால் வழக்கு. கேரளாவில் கள்ளுக்கடை இருக்கிறது, இலங்கையிலும் இருக்கிறது. கள் இயக்கத்தின் நல்லசாமி வருடக்கணக்காகத் தொண்டை வறளக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கலப்படம் வரும், மயக்க மருந்து கலப்பார்கள் என்பது அரசு தரப்புப் பதில். கலப்படம் உண்மையான ஆபத்துதான். அதற்குப் பரிசோதனை வேண்டும், ஆய்வாளர் வேண்டும், தண்டனை வேண்டும். பாலிலும் கலப்படம் நடக்கிறது என்று மாட்டைத் தடை செய்துவிட்டோமா? கள்ளை மூடியதால் விஷம் நின்றுவிடவும் இல்லை. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். இரண்டிலும் கொன்றது மெத்தனால். செத்தவர்கள் பெரும்பாலும் அன்றாடக் கூலிகள். கடைச் சரக்குக்குக் காசு போதாதவனுக்கு நாம் விட்டுவைத்த வழி அதுதான்.

அதனால் மைக்ரோபுருவரி மட்டும் கேட்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். நட்சத்திர ஹோட்டலில் ஏசி போட்ட அறையில் காய்ச்சினால் அது கலை, பனையில் ஏறி இறக்கினால் அது குற்றம் என்றால், அது சுவை பற்றிய பேச்சே இல்லை, சாதி பற்றிய பேச்சு. கேட்பதாக இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பட்டியலாகவே சொல்லிவிடுகிறேன். ஒன்று, சின்ன அளவில் காய்ச்சுகிறவருக்கு ஒரு சின்ன உரிமம், ஐந்து நட்சத்திர ஹோட்டல் கட்டினால்தான் என்ற நிபந்தனை இல்லாமல். இரண்டு, கள் இறக்குகிறவருக்கும் அதே மரியாதையில் ஒரு உரிமம், அதே கண்டிப்பில் பரிசோதனை. மூன்று, அந்த 8 சதவீத உச்சவரம்பை எடுத்துவிட்டு, ஆல்கஹால் ஏற ஏற வரியும் ஏறட்டும். பீரோ பிராந்தியோ, உள்ளே இருக்கிற ஆல்கஹாலுக்குத்தான் வரி. நான்கு, உட்கார்ந்து குடிக்க சுத்தமான இடம், சின்ன டம்ளர், குடிக்கத் தண்ணீர், கழிப்பறை. ஐந்து, பாட்டிலில் என்ன போட்டுக் காய்ச்சினார்கள் என்று தமிழில் முழுசாக எழுதட்டும். பிஸ்கட் பாக்கெட்டில் எழுத முடிகிறதல்லவா?

இதனால் வருமானம் குறையும் என்பார்கள். குறையட்டுமே. ஜனங்கள் குறைவாகக் குடிப்பதால் கஜானாவில் விழுகிற துண்டு, எந்த அரசாங்கமும் பெருமைப்பட வேண்டிய துண்டு.

அதியமான் இறந்தபோது ஔவை பாடிய புறநானூற்றுப் பாட்டில், அவன் கள்ளைப் பகிர்ந்துகொண்ட விதத்தைத்தான் முதலில் நினைத்து அழுகிறாள். கொஞ்சமாகக் கிடைத்தபோது என்ன செய்தான், நிறையக் கிடைத்தபோது என்ன செய்தான் என்று. குடியை வைத்து ஒரு மனிதனின் குணத்தைப் பேச முடிந்த மொழி இது. அந்த மொழிக்காரர்களை இரவு பத்து மணிக்குக் கடை மூடுவதற்குள் ஓடி வரவைத்து, கருப்பு பாலிதீன் பையில் மறைத்து வாங்க வைத்து, இருட்டில் நின்று விழுங்க வைத்திருக்கிறோம். வெட்கப்பட வேண்டியவர் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர் இல்லை. பட்டியலைத் தயார் செய்தவர்.